நாய்க்கு ஒரு குளிர்ந்த மூலை: காரவானில் 12 வோல்ட் ஏர்கூலர் கட்டிய பதிவு

நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், பிற்பகல் 3 மணி. வெளியே நிழலில் 38 டிகிரி, ஈரப்பதம் 12 விழுக்காடு. காரவானுக்குள் நாய் படுக்கும் மூலையில் 28 டிகிரி. மின் இணைப்பும் கிடையாது, ஜெனரேட்டரும் கிடையாது. பேட்டரியிலிருந்து போவது 4 ஆம்பியர்தான். இந்த அளவுக்கு வந்து சேர்ந்த வழியை, வழியில் சொதப்பியவற்றோடு சேர்த்து, வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி 18 அடி காரவான், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டுவண்டி. கூரையில் 200 வாட் சோலார் தகடு இரண்டு, 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 355 × 355 மி.மீ. திறப்பில் 12 வோல்ட் கூரை ஃபேன். நாய் கெல்பி இனம், 18 கிலோ.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலுரு-கட்டா ஜூட்டா தேசியப் பூங்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கரிஜினி தேசியப் பூங்காவிலும் நாய்களுக்கு அனுமதி இல்லை. உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் நாயைக் காரவானில் பூட்டிவிட்டு நாள் முழுக்கச் சுற்றலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. இந்த அமைப்பு அதற்காக அல்ல. மதிய வெயிலில் மனிதரும் நாயும் உள்ளே சேர்ந்து இருக்கவும், குளித்துவிட்டோ கடைக்குப் போய்விட்டோ வரும் அரைமணி நேரத்துக்கும்தான். பூங்காவுக்குப் போகும் நாளில் ஒருவர் நாயோடு தங்க வேண்டும், அல்லது நாய்க்காப்பகத்தில் விட வேண்டும்.

ஏன் ஏசி இல்லை

கூரை ஏசி ஓட ஏறக்குறைய 1,400 வாட் வேண்டும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியர். முழுதாக ஏற்றிய 200 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் காலி. மின் இணைப்புள்ள காரவான் பார்க்கில் ஏசியைப் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் ஓய்விடங்களிலும் ஊட்னடாட்டா தடத்திலும் அந்த வழி இல்லை.

கூரை ஃபேன் மட்டும் போதும் என்பார்கள். அது உள்ளே தேங்கும் சூட்டை வெளியேற்றும். ஆனால் எவ்வளவு ஓடினாலும் வெளி வெப்பநிலைக்குக் கீழே இறக்காது. 38 டிகிரி காற்று மேலே வீசினால் வியர்க்கும் மனிதருக்கு இதமாக இருக்கும். நாய்க்கு உடம்பில் வியர்வை இல்லை, பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான் சூட்டை விட முடியும். காற்றே குளிர்ந்து வந்தாக வேண்டும். அதற்குத்தான் ஏர்கூலர்: நனைந்த பேட் வழியே வெளிக்காற்றை இழுத்தால், தண்ணீர் ஆவியாகிக் காற்று குளிரும்.

நிறுத்தும் திசை

காசு செலவில்லாமல் அதிகப் பலன் தந்தது இதுதான். ஆஸ்திரேலியக் காரவானுக்குக் கதவும் வெளிப்பந்தலும் இடப்பக்கம். மே முதல் செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். இழுக்கும் வண்டியின் மூக்கு கிழக்கே பார்க்க நிறுத்தினால் பந்தல் வடக்கே விழும், சாயங்கால வெயில் பின்பக்கச் சிறிய சுவரில் மட்டும் படும், தெற்குச் சுவர் நாள் முழுக்க நிழலில் இருக்கும். கூலர் நிற்கப்போவது அந்தத் தெற்குச் சுவரோரம். கோடையில் ஆலிஸ் பக்கம் சூரியன் உச்சிக்கு மேலேயே வந்துவிடும்; அப்போது தெற்குச் சன்னலுக்கு மேலும் ஒரு நிழல்துணி கட்டாமல் முடியாது.

காரவானை அல்ல, மூலையை

முதல் வடிவம் காரவான் முழுவதையும் குளிர்விக்கப் பார்த்தது. கூலரிலிருந்து 24 டிகிரியில் வந்த காற்று உள்ளே கலந்ததும் காணாமல் போனது. நாய் உயரத்தில் 34க்குக் கீழே இறங்கவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். மணிக்கு 300 கனமீட்டர் காற்று 5 டிகிரி சூடேறினால் அது எடுத்துச் செல்லும் வெப்பம் 460 வாட்தான். வெயிலில் நிற்கும் கூரையும் சுவரும் உள்ளே தள்ளுவது அதைவிட மிக அதிகம்.

அதனால் சாப்பாட்டு மேசைக்கு அடியில் 120 செ.மீ. நீளம், 90 அகலம், 75 உயரத்துக்கு ஒரு இடத்தைக் கித்தான் திரையால் மறைத்தோம். காற்றுக்குழாய் நேரே அதற்குள் திறக்கிறது. திரைக்கு மேல்விளிம்பில் 10 செ.மீ. இடைவெளி, சூடாகும் காற்று அதன் வழியே ஏறி, மறுகோடியில் உள்ள கூரை ஃபேனால் வெளியே போகும். திரையின் ஒரு பக்கத்தைக் கட்டவே கூடாது. குளிர்ந்தாலும் பயந்தாலும் நாய் தானே எழுந்து வெளியே வர வழி இருக்க வேண்டும்.

தரையில் கம்பளம் வேண்டாம், வினைல் விரிப்பு போதும். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே, இடுக்குகளிலேயே முட்டையிட்டுப் பெருகும். அது பரப்பும் எர்லிக்கியா நோய் 2020இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் கண்டுபிடிக்கப்பட்டு, இப்போது வட ஆஸ்திரேலியா நெடுகப் பரவியிருக்கிறது. திரையும் படுக்கை உறையும் கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு இந்த மூலை சரிவராது. பூனை மேலேறி அலமாரி உச்சியில்தான் படுக்கும். அங்கே இதே நேரத்தில் 33 டிகிரி. பூனைக்குக் கூண்டை வைத்துக் குழாயை அதற்குள் விடுவதைத் தவிர வழி தெரியவில்லை.

பெட்டி

உடம்பு: மூடியுள்ள 60 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. ஒரு பக்கச் சுவரில் 29 × 29 செ.மீ. வெட்டி, அதன் உள்பக்கம் 30 × 30 செ.மீ., 10 செ.மீ. தடிமனுள்ள தேன்கூட்டு செல்லுலோஸ் பேட். எதிர்ச் சுவரில் ஃபேன்கள், அதிலிருந்து 150 மி.மீ. வளைகுழாய். பெட்டியின் அடியில் 6 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

பேடைத் திருப்பிப் போட்டுவிட்டால் குழாய் வழியே தண்ணீர்த்துளி பறக்கும். தேன்கூட்டுப் பேடில் இரண்டு சாய்வுகள் உண்டு, ஒன்று 45 டிகிரி, மற்றது 15. செங்குத்தான 45 டிகிரி சாய்வு, காற்று நுழையும் பக்கத்தை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் காற்று தண்ணீரை உள்ளே தள்ள, சாய்வு அதை வெளிப்பக்கம் இழுத்து, பேட் முழுக்க நனைந்து நிற்கும். எங்கள் பேட் முதலில் தலைகீழாக இருந்தது. நாய்ப்படுக்கை நனைந்ததுதான் அடையாளம்.

ஃபேன்: கம்ப்யூட்டருக்குப் போடும் 25 மி.மீ. தடிமன் ஃபேன் உதவாது. வெறும் காற்றில் நன்றாக வீசும். பேடும் தூசிவலையும் 3 மீட்டர் குழாயும் எதிரே வந்தால் பாதிக்கு மேல் படுத்துவிடும். சர்வர்களுக்கு வரும் 120 மி.மீ. அகலம், 38 மி.மீ. தடிமன் ஃபேன் இரண்டு போட்டதும் சரியானது. முழு வேகத்தில் காது கிழியும் என்பதால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்துப் பாதி வேகத்தில் ஓட்டுகிறோம். இரண்டும் சேர்ந்து 1.5 ஆம்பியருக்குள். பேடுக்கும் ஃபேனுக்கும் நடுவே 8 செ.மீ. இடம் விடுங்கள். ஒட்டி வைத்தால் பேடின் நடுவில் மட்டும் காற்று இழுக்கும், ஓரங்கள் சும்மா நனைந்து கிடக்கும்.

பம்ப்: மணிக்கு 240 லிட்டர் என்று எழுதிய பிரஷ் இல்லாத 12 வோல்ட் பம்ப், 0.4 ஆம்பியர். தேவை அவ்வளவு இல்லை. பேடின் மேல்விளிம்பு 30 × 10 செ.மீ.; அதற்கு நிமிடத்துக்கு 1.8 லிட்டர் போதும். சிறிய வால்வு ஒன்றைப் போட்டுக் குறைத்து, அளவுக்குவளையைப் பிடித்து நேரம் பார்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். மேலே 20 மி.மீ. பிவிசி பைப்பில் 25 மி.மீ.க்கு ஒன்றாக 2.5 மி.மீ. துளைகள். துளைகள் மேல்நோக்கி இருக்கட்டும். தண்ணீர் பைப்பின் மேல் வழிந்து பரவலாக விழும், மண்துகளும் சீக்கிரம் அடைக்காது.

சன்னல்: பெட்டி வெளியே, தெற்குச் சுவரோரம் மடக்கு ஸ்டூலில் நிற்கிறது. சத்தமும் ஈரமும் வெளியே போய்விடுகின்றன, காற்றும் வெளிக்காற்றாகவே கிடைக்கிறது. காரவான் சன்னல் கீழிருந்து வெளிப்பக்கம் திறக்கும் வகை. கொசுவலையைச் சுருட்டிவிட்டு, அந்தச் சட்ட அளவுக்கு 5 மி.மீ. நெளி பிளாஸ்டிக் பலகை வெட்டி, 150 மி.மீ. துளை போட்டு, ஓரங்களில் பஞ்சுநாடா ஒட்டிப் பொருத்தினோம். உள்பக்கம் வரும் குழாய் மெல்லிய அலுமினியத் தாளாக இருந்தால் கடிக்கிற நாயிடம் நிலைக்காது. பிவிசி பூசிய கம்பிச்சுருள் குழாயும், அதன் வாயில் 12 மி.மீ. கம்பிவலையும் போடுங்கள்.

கூரை ஃபேன் வெளியேற்றும் திசையில் ஓடாவிட்டால் இத்தனையும் வீண். உள்ளே போன காற்றுக்குச் சமமாக வெளியேறாவிட்டால் உள்ளே ஈரம் ஏறும், குளிர்ச்சி அரைமணியில் நின்றுவிடும்.

வயரிங்

ஆஸ்திரேலியக் கடைகளில் ஆட்டோ வயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். '6 மி.மீ.' என்பது பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்த விட்டம். உள்ளே செம்பின் பரப்பு 4.6 சதுர மி.மீ.தான். '4 மி.மீ.' என்று விற்பதில் 1.8 சதுர மி.மீ. பேட்டரியிலிருந்து 8 மீட்டர் தூரம் இந்த '4 மி.மீ.' வயரில் 4 ஆம்பியர் போனால், போகவர 0.6 வோல்ட் குறையும். '6 மி.மீ.' வயரில் அது 0.24. இடையில் 10 ஆம்பியர் ஃபியூஸ், பெட்டிப் பக்கம் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக். 12 வோல்ட் வேலையை நாமே செய்யலாம். 240 வோல்ட்டைத் தொட உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் வர வேண்டும்.

பேட்டரி இருக்கும் இடமும் சூடாகக் கூடாது. உள்ளே சூடு எல்லை மீறினால் பாதுகாப்புச் சுற்று தானே மின்சாரத்தைத் துண்டிக்கும், அதுவும் மிகச் சூடான நாளில். லித்தியம் பேட்டரி அறையை வாழ்விடத்திலிருந்து அடைத்து வெளிப்பக்கம் காற்றோட்டம் கொடுக்க வேண்டும் என்று காரவான் மின் அமைப்புகளுக்கான ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 தரநிலையும் சொல்கிறது. அதன்படி செய்தால் இரண்டும் தீரும்.

தண்ணீர்

38 டிகிரியை 24க்கு இறக்க, மணிக்கு 300 கனமீட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 1.9 லிட்டர் ஆவியாகிறது. எட்டு மணி நேரத்துக்கு 15 லிட்டர், கழுவிக் கொட்டும் 6 லிட்டர் தனி. 18 கிலோ நாய் சூட்டில்கூட அன்றைக்கு 2, 3 லிட்டர்தான் குடிக்கும். காரவானில் 80 லிட்டர் தொட்டி இரண்டு இருந்தாலும் இதை லேசாக எடுக்க முடியாது. மாரீயிலிருந்து பர்ட்ஸ்வில் வரை 517 கி.மீ. தடம், அங்கே கூலரைக் கட்டியே வைத்து, விடியலில் ஓட்டி, மதியம் காரின் ஏசியில் நாயோடு உட்கார்ந்திருப்பதுதான் நல்லது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பு. தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு பேடில் தங்கும். காற்று நுழையும் முகத்தில் வெள்ளைப் படலம் வரும், துளைகள் குறுகும், வெளிவரும் காற்று நாளுக்கு நாள் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி ஏறும். தினமும் மாலையில் அடித்தண்ணீரை முழுக்கக் கொட்டினால் பெரும்பகுதி தவிர்க்கலாம். படிந்துவிட்டால் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். தூரிகை போட்டுத் தேய்த்தால் பேட் கிழியும்.

இரவில் பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் அரைமணி ஓட்டிப் பேடைக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் மறுநாள் உள்ளே வருவது பாசி நாற்றம்.

எச்சரிக்கைக் கருவி

பம்ப் நின்று ஃபேன் மட்டும் ஓடினால் நாயின் முகத்தில் 38 டிகிரி வறண்ட காற்று அடிக்கும். மொத்த அமைப்பிலும் மோசமான பழுது இதுதான். வெப்பமானி ஒன்றே இருந்தால் இது தெரிய நேரமாகும். அதனால் மூன்று உணரிகள்: குழாய்க்குள் ஒன்று, தரையில் நாய் உயரத்தில் ஒன்று, வெளி நிழலில் ஒன்று. குழாய்க் காற்று வெளிக்காற்றைவிட 8 டிகிரியாவது குறைவாக இல்லையென்றால் செய்தி வரும். தரை உணரி 30ஐத் தாண்டினால் திரும்பி வர வேண்டும், 32இல் தொடர்ந்து ஒலிக்கும்.

தரை உணரியைக் குழாயின் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். அது 25 என்று காட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டடி தள்ளிப் படுத்திருக்கும் நாய்க்கு 31. மூலையின் மறுகோடியில், தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், கம்பிவலைக்குள் வைத்தால் உண்மை தெரியும்.

பழைய 3ஜி சிம் கருவிகளைக் குறைந்த விலைக்கு வாங்காதீர்கள்; ஆஸ்திரேலியாவில் 3ஜி 2024 அக்டோபர் இறுதியோடு மூடப்பட்டது. 4ஜி கருவி, தனக்கென உள்பேட்டரி உள்ளது, மின்சாரம் போனாலும் செய்தி அனுப்புவது வேண்டும். அதுவும் சிக்னல் உள்ள ஊர்களில்தான். ஊர் எல்லையைத் தாண்டினால் நெடுந்தூரம் எதுவும் எடுக்காது. செயற்கைக்கோள் இணையத் தட்டு வைத்தால் காரவான் பக்கம் தீரும், 25 முதல் 40 வாட் செலவில். ஆனால் செய்தி வந்து சேர வேண்டிய கைபேசிக்கும் சிக்னல் வேண்டுமே. சிக்னல் இல்லாத இடத்தில் நாயைத் தனியே விடுவதில்லை என்பதை நாங்கள் தளர்த்துவதில்லை.

மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு செக்கச்சிவந்து, நடை தள்ளாடினால் கருவி என்ன காட்டினாலும் வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மேலே ஃபேனைத் திருப்பி, முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு வண்டியை எடுங்கள். போர்ட் அகஸ்டாவுக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் நடுவே 1,200 கி.மீ.; கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருப்பார் என்று நம்பிக் கிளம்ப முடியாது.

வடக்கே போனால்

ஈரக்காற்றில் ஏர்கூலர் எடுபடாது என்பதைச் சென்னையில் அதை வாங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டார்வினில் மழைக்கு முந்தைய மாதங்களில் 33 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால், இதே பெட்டி தருவது 30 டிகிரி காற்று. மூன்று டிகிரி லாபம், ஆனால் அந்தக் காற்றின் ஈரப்பதம் 90ஐத் தாண்டியிருக்கும். நாய் மூச்சிரைத்துக் குளிர்வது வாய் ஈரம் ஆவியாவதால். ஈரம் நிறைந்த காற்றில் அது நடக்காது. ஆகவே அங்கே பம்பைப் போடுவதே கெடுதல். வெளி ஈரப்பதம் 40ஐத் தாண்டினால் பம்பை நிறுத்துகிறோம். கேத்தரினுக்கு வடக்கே அந்தப் பருவத்தில் மின் இணைப்புள்ள இடம் எடுத்து ஏசியில்தான் இருப்பு. ஆலிஸில் 60 விழுக்காட்டு ஈரத்தோடு பெட்டியை விட்டு வரும் காற்று, மூலையில் 28, 29 ஆகும்போது 45க்கு இறங்கிவிடுகிறது. அதில் தொல்லை இல்லை.

தடத்தில் உடைந்தவை

ஓட்டும்போது நாய் காரில், பட்டையோடு அல்லது கூண்டில். ஓடும் காரவானுக்குள் எந்த உயிரையும் வைக்கக் கூடாது. சூடும் தூசியும் ஏறும், உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. பெட்டி மட்டும் அங்கே பயணம் செய்கிறது.

ஊட்னடாட்டா தடத்தின் அலைமேடுகளில் முதலில் விட்டது சூட்டுப்பசை வைத்த இடங்கள், எல்லாமே. ஃபேன் தாங்கிகளை நைலான் பிடிப்புள்ள நட்டும் பெரிய வாஷரும் போட்டு மாற்றினோம். பேட் சட்டத்துக்கு நெகிழும் பாலியூரிதேன் பசை. பம்பின் வயர் முனைகள் தட்டையான சொருகு வகையாக இருந்ததால் அதிர்ந்தே கழன்றன. சால்டர் செய்யாமல், அழுத்திப் பொருத்தி, பசையுள்ள சுருங்குகுழல் மாட்டியவை இன்றும் நிற்கின்றன. பேட் தனியாக, காய்ந்த நிலையில், துணிப்பையில். செம்மண் தூசி ஈரப்பேடில் ஏறினால் சேறாக இறுகிவிடும்.

செலவு

ஆஸ்திரேலிய டாலரில், தோராயமாக: பெட்டி 25, பேட் 60, ஃபேன்கள் 70, வேகக் கட்டுப்பாடு 15, பம்ப் 25, குழாய் 30, பலகையும் நாடாவும் 15, பெட்டியில் தண்ணீர் குறைந்தால் தானே நிரப்பும் மிதவை வால்வு 15, வயர், ஃபியூஸ், பிளக் 50. மொத்தம் 305. எச்சரிக்கைக் கருவியும் உணரிகளும் சேர்ந்து 250. பணம் குறைவு என்றால் பெட்டியில் சிக்கனம் பாருங்கள், கருவியில் வேண்டாம்.

அடுத்த பெட்டியில்

பேடை 40 × 40 செ.மீ. ஆக்கிவிட்டு ஃபேனை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். அதே காற்று பெரிய பேடில் மெல்லப் போனால் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இறங்கும், சத்தமும் குறையும். பம்ப் இரண்டு, தனித்தனி ஃபியூஸோடு. ஒன்று நின்றாலும் பேட் நனைந்தே இருக்கும். மிதவை வால்வு மண் மாட்டி இரண்டு தடவை மூடாமல் நின்று தண்ணீர் வழிந்தது. அதற்கு முன்னால் சிறியதாக ஒரு வலைவடிகட்டி. குழாயைச் சுற்றி 10 மி.மீ. வெப்பத்தடை உறை போட வேண்டும். இப்போது 3 மீட்டர் குழாயிலேயே காற்று ஒன்றரை டிகிரி சூடேறுகிறது, அதில் ஒரு டிகிரி சன்னலுக்கு வெளியே உள்ள முதல் 80 செ.மீ. நீளத்தில்.